பூக்கடையில் வைத்த பை

சிதம்பரத்தில் உலகக் கல்வி மாநாடு நடந்தபோது நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன். வீடு கடலூர் முதுநகரில், வேலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில். விடியற்காலை முதல் வண்டியில் போவேன், விளக்கு வைத்த பிறகு திரும்புவேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எதற்காக நிற்கும் என்பதையெல்லாம் பார்க்காமல் சொல்லுவேன். பஸ் மட்டும் இல்லை, ரயிலும் அப்படித்தான். முதுநகர் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு அது பெரிய வித்தை இல்லை.

அதனால்தான் மாநாட்டுச் செயலாளர் ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார். அவர் வாத்தியார் வேலை பார்ப்பவர். வேகமாகப் பேசுவார், பேசும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பயணக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்க வேண்டும், நீ தமிழில் எழுதிக் கொடு, நான் இங்கிலீஷில் போட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எழும்பூரில் எந்த வண்டியில் ஏற வேண்டும், விழுப்புரத்தில் அது எவ்வளவு நேரம் நிற்கும், கடலூருக்கு இரண்டு ஸ்டேஷன் இருப்பதால் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பதறி இறங்கிவிடக் கூடாது, காய்ச்சிய தண்ணீர் எங்கே கிடைக்கும், கோயிலுக்குள் போகும்போது செருப்பை யாரிடம் விட வேண்டும் என்று எல்லாம் எழுதினேன். ஜட்காவில் ஏறினால் முன்பக்கமாக நகர்ந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னால் சாய்ந்து குதிரை திணறும் என்பதைக்கூட விடவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஏழு கிழமைக்கும் ராகு காலம் போட்டு ஒரு கட்டம் வரைந்திருந்தேன்.

செயலாளர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "என்னய்யா இது?"

"ராகு காலங்க. எந்தக் கிழமைல எந்த நேரம் பொறப்படக் கூடாதுன்னு."

"ஜெர்மனிக்காரன் ராகு காலம் பார்த்தா கிளம்புறான்?"

"அவன் பாக்காட்டிப் போறான் சார். அது அவனப் பாக்குமில்ல?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தின் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டார். "டைம்கீப்பர், நீர் ரயில் நேரத்தைப் பாரும். கிரகத்து நேரத்தை நான் பார்த்துக்கறேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடு பல நாள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் அம்மா திருவதிகையில் என் அண்ணன் வீட்டில் படுத்திருந்தபோது, உடனே வரச் சொல்லி ஆள் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். பன்னிரண்டு கழித்துக் கிளம்பலாம் என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். நெல்லிக்குப்பம் தாண்டி பஸ் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அண்ணி சொன்னாள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு கிளம்பியிருந்தால் அந்த பஸ் கிடைத்திருக்காது, வேறு பஸ் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை. நடராசப் பெருமானிடம் நான் கேட்டது வேறு ஒன்றும் இல்லை. யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதைத்தான்.

மாநாடு மார்கழியில் நடந்தது. வந்தவர்களை வடக்கு வீதியில் ஒரு பெரிய வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். அவர்களைக் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் ஏற்றிப் போக எங்கள் கம்பெனி பஸ் ஒன்று பேசியிருந்ததால் தினமும் காலையில் நான் அங்கே போய் நிற்பேன். வந்தவர்களில் பினாங்கிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். சீன வம்சம், பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும். அவருடைய பள்ளியில் தோட்டக்காட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேர் படித்தார்களாம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தமிழ்தான் அவருக்குத் தெரியும். அதனால் செயலாளரையே "நீ சாப்ட்டியா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். பயணக் குறிப்பைப் படித்துவிட்டு ஜட்காவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

நான்காம் நாள் திங்கட்கிழமை. மறுநாள் தேர் என்பதால் ஊர் ஒரே பரபரப்பாக இருந்தது. நான் வடக்கு வீதி வீட்டு வாசலில் நின்றிருந்தபோது ஏழு மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். பினாங்கு அம்மாவுக்குத் தந்தி. அவருடைய அம்மாவுக்கு உயிருக்கு ஆபத்து, உடனே கிளம்பி வரச் சொல்லி அதில் இருந்தது. செயலாளர் ஓடி வந்தார். சாயந்திரம் மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் உண்டு, அதில் ஒரு இடம் எப்படியாவது வாங்கிவிடலாம், சென்னைக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறேன் என்றார். என்னைப் பார்த்தார்.

"ரயில்?"

"எட்டு இருவது பாசஞ்சர் சார். அத உட்டா சாயந்திரத்துக்குள்ள மெட்ராஸ் போய்ச் சேர முடியாது. பஸ்ஸுன்னா ரெண்டு எடத்துல மாறணும். இருட்டிடும்."

"அப்ப எட்டு இருபது. நீர் போய் டிக்கெட் வாங்கிடும். நான் அவங்களை ஜட்காவில் கூட்டிட்டு வந்துடறேன்."

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த அம்மா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழரைக்குள் கிளம்ப மாட்டார் என்பது நிச்சயம். தாயைப் பார்க்கப் போகிற பயணம். செயலாளரிடம் சொன்னால் சிரிப்பார். அந்த அம்மாவிடமே சொல்லலாம் என்று கதவுவரை போனேன். காவல்காரர் தடுத்தார். "உள்ள அழுதுகினு இருக்காங்க. இப்பப் போய்த் தட்டாதீங்க." ஒரு பெண் தனியே அழுகிற அறைக் கதவைத் தட்ட எனக்கும் கை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், அந்த நேரம் முடிவதற்குள் தங்கள் சாமான் ஒன்றைப் போகிற வழியில் இருக்கும் வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. போகிறபோது அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேண்டாத சாமானாக இருக்கக் கூடாது, பயணத்தில் கூட வருகிறதாக இருக்க வேண்டும்.

நடையில் ஒரு நாற்காலி மேல் பழுப்புத் தோல் பை ஒன்று இருந்தது. அந்த அம்மா தோளில் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன். மணி ஏழு இருபது. பையை எடுத்தேன். "சிவசிதம்பரம்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் இறங்கினேன்.

கீழ வீதியில் எனக்குத் தெரிந்த பூக்காரம்மாவின் கடை இருந்தது. தினமும் அங்கேதான் சாமிக்குப் பூ வாங்குவேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியும் அதுதான்.

"பரஸ்தானமா? யாருக்கு?" என்று அவர் பையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வெளியூர் அம்மா ஒருத்தவங்களுக்கு. அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியல."

"பாவம். இப்படி வையி. பூவுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்."

வடக்கு வீதி முனையில் ஜட்காக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். கீழ வீதி பூக்கடையில் நிறுத்தி, பழுப்புப் பையை வாங்கி, அந்த அம்மா மடியில் வைத்துவிட்டுத்தான் வண்டியை ஓட்ட வேண்டும் என்றேன். "சரி சார், நீங்க போங்க" என்றார். ஏழரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சைக்கிளை மிதித்தேன். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று மனசு சற்றே அடங்கியது.

டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். எட்டு ஐந்து வரை ஜட்கா வரவில்லை. உள்ளே போவேன், வெளியே வருவேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். எட்டு எட்டுக்கு ஜட்கா வந்தது. கீழ வீதிப் பக்கமிருந்து வரவில்லை, எதிர்ப்பக்கமிருந்து வந்தது. செயலாளர் குதித்து இறங்கினார். அந்த அம்மா இறங்கி, பெட்டியைப் பார்த்தார், துணிப்பையைப் பார்த்தார், வண்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"என் பேக்? பெட்டியோட ஏத்தலியா? பேக் எங்கே?"

ஜட்காக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கீழ வீதியில தேர நகத்திப் பாக்குறாங்க சார். போலீஸ்காரன் வண்டிய உடல. மேல வீதி சுத்தி வந்தேன். அந்த அவசரத்துல பூக்கட மறந்தே போச்சு."

"பூக்கடையா? எந்தப் பூக்கடை?" என்றார் செயலாளர்.

நான் சொன்னேன். ராகு காலம், பரஸ்தானம், பூக்காரம்மா என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

"அந்தப் பையில் என்ன இருக்கு தெரியுமாய்யா? பாஸ்போர்ட் இருக்கு. காகிதம் எல்லாம் இருக்கு. அது இல்லாம அவங்க விமானத்துப் படியில் கால் வைக்க முடியாது."

பாஸ்போர்ட் என்ற ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் பெட்டியில்தான் இருக்கும்.

போய் எடுத்து வர நேரம் இல்லை. வண்டி தெற்கே கைகாட்டியைத் தாண்டிவிட்டது, புகை தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கைகொடுத்தது. "சார், அவங்க ஏறட்டும். இந்த வண்டி முதுநகர் ஜங்ஷன்ல தண்ணி புடிக்க நிக்கும். விருத்தாசலம் வண்டி வர்ற வரைக்கும் கெளம்பாது. பத்து அஞ்சுக்குத்தான் எடுப்பான். நான் பைய எடுத்துகினு எட்டு நாப்பது பஸ்ஸுல போய் அங்க குடுத்துடறேன்."

செயலாளர் இங்கிலீஷில் அவருக்குச் சொன்னார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு வண்டி வந்து நின்றதும் ஏறி உட்கார்ந்தார். ஊதல் கேட்டபோது நான் சைக்கிளில் பாதி தூரம் போயிருந்தேன்.

பூக்காரம்மா பையின் மேல் ஒரு துண்டு கதம்பம் வைத்திருந்தார். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது எட்டு நாற்பது வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுவது என் மனைவியின் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் ஏறி நின்றேன். மணி எட்டு நாற்பது, நடு ராகு காலம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க எனக்கு என்ன அருகதை.

"மச்சான், பத்து அஞ்சுக்குள்ள முதுநகர் ஸ்டேஷன்ல இருக்கணும்" என்றேன்.

"நம்ம டைம் பத்து பத்து மாமா."

அந்தப் பத்து பத்தைப் போட்டதே நான்தான். அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் டிரைவர்களுக்கு, வழியில் ஆளை ஏற்றாமல் வந்தாயா என்று மெமோ எழுதுகிறவனும் நான்தான்.

"அஞ்சு நிமிஷம் புடிச்சுக் குடு மச்சான்."

"போன மாசம் ரெண்டு நிமிஷம் முந்திப் போனதுக்கு மூணு பக்கம் எழுதுனீங்களே, அது யாரு? உங்க தம்பியா?"

"குத்திக் காட்டற நேரமாடா இது?"

"வேற எப்பக் குத்துறது? மெமோ குடுக்குற கை கெஞ்சுறத நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்." சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "பாஸ்போட்டயா எடுத்துகினு போய்ப் பூக்கடைல வெச்சீங்க? அக்காகிட்ட சொல்லிடாதீங்க. சோறு கெடைக்காது."

புவனகிரிப் பாலம்வரை நன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள். முட்லூரில் மீன் கூடைகளோடு ஆறு பெண்கள் நின்றார்கள். கூடையை மேலே ஏற்றினால் நான்கு நிமிஷம் போய்விடும். "நிறுத்தாத மச்சான்" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "மாமா, அவுங்க விக்கலன்னா இன்னைக்கு அடுப்பு எரியாது. நானு ஓட்டுல புடிச்சுக்குறேன்."

நானே இறங்கிக் கூடைகளை ஏற்றினேன். மீன் தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. மார்கழி நோன்பில் இருந்தவன், மீனைத் தொடாமல் இருந்தவன். அப்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு கையால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுகையால் தூக்கினேன்.

"அந்தப் பையக் கீழ வெச்சுட்டுத் தூக்குய்யா. என்னா, தங்கமா வெச்சிருக்க?" என்றார் ஒரு மீன்காரம்மா.

"தங்கம் இல்லம்மா. ஒருத்தவங்க அம்மாவப் பாக்கப் போறதுக்கு உண்டான காகிதம்." மறுபடியும் கதை முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று. பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் ராகு காலம் பார்த்தது சரிதான் என்றார். இன்னொருவர், அடுத்தவர் சாமானைக் கேட்காமல் எடுத்தால் அதற்குப் பரஸ்தானம் என்று பேர் இல்லை, வேறு பேர் என்றார். பின்சீட்டில் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

புதுச்சத்திரம் தாண்டியதும் எனக்குப் பார்வை வலப்பக்கமே போயிற்று. தூரத்தில் சவுக்குத் தோப்புக்கு மேலே புகை தெரிந்தது. "அதோ வண்டி" என்றார் யாரோ. நாங்கள் அதை நெருங்கிக்கொண்டுதான் இருந்தோம். பாசஞ்சர் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்குமே. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அப்போது முன்னால் ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது.

இதே வண்டிக்காகத்தான் மூடினார்கள். இறங்கி ஓடிப்போய் கேட்காரரிடம் கெஞ்சினேன்.

"ஏன்யா, வண்டி ஆலப்பாக்கத்த நெருங்கிட்டானே. கேட்டத் தொறந்து உன்னயும் பஸ்ஸையும் அது அடிக்கணுமா?" என்றார் அவர், பீடியை வாயிலிருந்து எடுக்காமலே.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்ஜின் பூமி அதிரக் கடந்தது. பெட்டி பெட்டியாக முகங்கள் போயின. ஐந்தாவது பெட்டியோ ஆறாவதோ, ஜன்னலோரம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என்ன தோன்றியதோ தெரியவில்லை, இரண்டு கையாலும் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அவர் பார்த்தார். சட்டென்று எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாய் ஏதோ சொன்னது. வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கடைசிப் பெட்டியின் சிவப்பு வட்டம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. குடிகாட்டில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் கண்டக்டர் விசில் ஊதப் போனபோது தடுத்தார். "நானு முதுநகர்ல எறங்கி நடந்து வரேன், நீ போப்பா" என்றார். அது மூன்று மைல். அந்தப் பெரியவர் யார், எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெற்கு வடக்காகப் போகும்போதெல்லாம் குடிகாட்டு நிறுத்தத்தில் அவர் முகத்தைத் தேடுவேன்.

முதுநகரில் பஸ் நிற்கும் இடம் கடைத்தெருவில். மச்சான் அங்கே நிறுத்தவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் திருப்பி, வாசலில் கொண்டுபோய்ப் போட்டான். பத்து மூன்று. "ஓடு மாமா!" என்றான். மீன்காரம்மாக்கள் ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். "ஓடுய்யா, பையத் தொறந்து போட்டுடாத!"

படி ஏறி இறங்கி ஓடினேன். என்ஜின் தண்ணீர்க் குழாயை விட்டு நகர்ந்து பெட்டிகளோடு சேர்ந்திருந்தது. விருத்தாசலம் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மா பெட்டி வாசலிலேயே நின்றிருந்தார். பையைப் பிடுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். திறந்தார். நீல அட்டைப் புத்தகத்தை எடுத்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே நின்றேன்.

"ஏன் எடுத்தே?" என்றார். "நீ கேக்காம ஏன் எடுத்தே?"

"ராகு காலம்மா... நல்ல நேரத்துல... உங்க அம்மாவுக்கு..." என்றேன்.

அவருக்குத் தமிழ் போதவில்லை. இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னார். பக்கத்தில் டிக்கெட் பரிசோதகர் நின்றார். என்ன சொல்கிறார்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் தயங்கினார். "சொல்லுங்க சார்" என்றேன்.

"'எங்கம்மாகிட்ட போறதுக்கு எனக்கு இருந்த வழியே இந்தப் பையிலதான் இருந்தது. அதக் கொண்டுபோய் ஒரு கடையில விட்டுட்டியே'ங்கறாங்க."

நான் கைகூப்பினேன். "என் அம்மா போனப்ப..." என்று ஆரம்பித்தேன். பச்சைக்கொடி ஆடிவிட்டது. பெட்டி நகர்ந்தது. அந்த அம்மா உள்ளே போகவில்லை, வாசலிலேயே பையை இறுக்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தபடி போனார். நான் சொல்ல வந்ததைப் பரிசோதகர் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்லி முடிக்கவே இல்லையே.

அன்று வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே சிதம்பரம் திரும்பினேன். செயலாளர் என்னோடு பேசவில்லை. மாநாடு முடியும்வரை டிரைவர்களிடமே நேராகச் சொல்லிக்கொண்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. போய்ச் சேர்ந்தாரா, அவர் அம்மா இருந்தாளா என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. தேருக்கு மறுநாள் தரிசனத்தன்று கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு சன்னிதியில் நின்றபோதும் அதையேதான் கேட்டேன். என் தப்புக்கு என்னை எது வேண்டுமானாலும் செய், அந்தத் தாயை ஒரு நாள் வைத்திரு என்றேன். ராத்திரி சோறு இறங்காது. வண்டி நேரம் எழுதும்போது தப்பாக எழுதி அடிப்பேன். மனைவியிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். சோறு கிடைக்காது என்று மச்சான் பயமுறுத்தினானே, அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க அந்தப் பையத் தொட்டிருக்காட்டியும் அவுங்க போயிருப்பாங்கதானே?"

பொங்கல் கழித்து மாசி பிறந்த பிறகு செயலாளர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். விமானம் கிடைத்தது. அம்மாவுக்கு நினைவு இருந்தது, மகளை அடையாளம் தெரிந்தது. மூன்று நாள் கூடவே இருந்தாராம். நாலாம் நாள் அந்தத் தாய் போய்விட்டாள். அடுத்த முறை அச்சடிக்கும் பயணக் குறிப்பில், 'உங்கள் கைப்பையை எந்த நேரமும் உங்களிடமே வைத்திருக்கவும்' என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் இருக்கு" என்றார் செயலாளர். "'ரயில்வே கேட்டில் பையைத் தூக்கிக் காட்டிய மனிதர் ஜங்ஷனில் ஏதோ சொல்ல வந்தார். அவருடைய அம்மாவைப் பற்றி என்று நினைக்கிறேன். வண்டி கிளம்பிவிட்டது. அது என்ன என்று கேட்டு எழுதுங்கள்.'" கடிதத்தை மடித்தார். "சொல்லும்யா. நான் எழுதிக்கறேன்."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் உட்கார்ந்து சொன்னேன். வெள்ளிக்கிழமை பத்தே முக்கால், நெல்லிக்குப்பத்தில் முறிந்த அச்சு, கூடத்தில் கிடத்தியிருந்தது, வாசலைப் பார்த்துக்கொண்டே போனது. ராகு காலத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பென்சில் செருகியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பேனாவால் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "ராகு காலத்துக்கு என்னன்னு போடறது?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பிறகு ராகு காலம் என்றே எழுதினார்.

இப்போதும் வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பினால், நேரம் சரியில்லை என்றால் பரஸ்தானம் வைக்கிறேன். என் தோளில் கிடக்கும் துண்டைத்தான் கொண்டுபோய் வைக்கிறேன். போகிறவர்களுடைய சாமான் எதையும் தொடுவதில்லை. அது கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்.